650 ரிங்கிட்டில் ஃப்ளை ஃபிஷிங்: கோலுக்குக் கொடுக்கும் காசை லைனுக்கும் கொடுங்கள்

யூடியூப்பில் வெள்ளைக்காரர் சொல்லும் ஃப்ளை ஃபிஷிங் சாமான் பட்டியலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊருக்கு அது சரி. குளிர்ந்த ஓடையில் டிரவுட் மீன் பிடிக்கிறவருக்கு 9 அடி நீளத்தில் 5-ம் நம்பர் கோல், மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை, உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை எல்லாம் வேண்டியதுதான். கோலாலம்பூரிலிருந்து காலையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் நமக்கு மாட்டப்போவது திலாப்பியா, ரோகு, செபராவ், பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் பீக்காக் பாஸ், அதிர்ஷ்டம் இருந்தால் விரால் இனத்துத் தோமான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், கரையெல்லாம் புதர். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் 650 ரிங்கிட்டுக்குள் முடித்துவிடலாம். வைக்காமல் வாங்கினால் 2,000 ரிங்கிட் போட்டாலும் முக்கால்வாசி சாமான் அலமாரியில்தான் தூங்கும்.

காசை எதில் போடுவது என்று புரிய, இந்தத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணத் தூண்டிலில் நுனியில் இருக்கும் ஈயமோ, மரக்கட்டை மீனோதான் கனம். அதை வீசினால் மெல்லிய நரம்பு பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு முள், கனமே கிடையாது, அதை வீசிப் பாருங்கள், காலடியில் விழும். அதனால் இங்கே கனத்தை லைனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தடிமனான, பிளாஸ்டிக் பூசிய அந்த லைன்தான் கோலை வளைக்கிறது, சாட்டை மாதிரி விரிந்து முன்னால் போகிறது, ஃப்ளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஆக, நீங்கள் வீசுவது லைனை. மட்டமான லைனைப் போட்டால் ஆயிரம் ரிங்கிட் கோலும் ஒன்றும் செய்யாது. நல்ல லைனைப் போட்டால் 200 ரிங்கிட் கோல் கூட நன்றாகவே வீசும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் கண்ணுக்கு அழகாகத் தெரிவது கோலும் ரீலும்தான்.

கோல் மேலும் லைன் பெட்டி மேலும் ஒரு நம்பர் இருக்கும். அது லைனின் முன்பக்கத்து 30 அடி எவ்வளவு கனம் என்பதைச் சொல்லும் அளவு. 5-ம் நம்பர் என்றால் அந்த 30 அடி ஏறக்குறைய 9 கிராம், 6-ம் நம்பர் பத்தரை கிராம், 8-ம் நம்பர் பதின்மூன்றரை கிராம். கோலில் 6 என்று போட்டிருந்தால் லைனும் 6 வாங்க வேண்டும், ரீலும் அந்த நம்பருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நம்பர் கூடக் கூட பெரிய ஃப்ளையையும், காற்றையும், முரட்டு மீனையும் சமாளிக்கலாம். கையும் சீக்கிரம் வலிக்கும்.

நம்ம ஊருக்கு எந்த நம்பர்? 5 வேண்டாம். சின்ன மலையோடைக்கு அழகான கோல்தான், ஆனால் பாப்பர் என்று தண்ணீர் மேல் சத்தம் போடும் ஃப்ளை ஒன்றை உள்ளங்கை நீளத்துக்குக் கட்டினால் திணறிப்போகும். கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் கட்டணக் குளம், சிறு ஆறு, குட்டை என்று சுற்றப்போகிறவருக்கு 6. திலாப்பியாவுக்கும் ரோகுவுக்கும் போதும், கையளவு பீக்காக் பாஸுக்குக் கொண்டாட்டம், செபராவ் இழுத்தாலும் தாங்கும். பினாங்குக்காரர்களுக்கு வேறு கணக்கு. அங்கே கடலும் முகத்துவாரமும்தான் பக்கத்தில், கடல் காற்று 6-ம் நம்பர் லைனைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும், சியாகாப் (கொடுவா) மாதிரி மீனுக்கு ஃப்ளையும் பெரிதாக வேண்டும். அவர்கள் நேராக 8-க்குப் போய்விடலாம். தோமான்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களுக்கும் 8-தான். ஆனால் வீசவே தெரியாதவர் 8-ம் நம்பரோடு தோமான் தேடிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் வாரமே தோள்பட்டை பிடித்துக்கொள்ளும், அதோடு ஆசையும் போய்விடும்.

சரி, கோலுக்கு வருவோம். 9 அடி, நான்கு துண்டு, கார்பன். நான்கு துண்டு என்றால் மைவி காரின் பின்பக்கம் படுக்கும், பேருந்திலும் கொண்டுபோகலாம். மேக்ஸ்கேட்ச் மாதிரி சீன பிராண்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன, தொடங்குகிறவருக்கு அது போதும் என்பதுதான் என் கருத்து, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 200 ரிங்கிட் ஒதுக்குங்கள். விளம்பரத்தில் 'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், அதாவது நுனி மட்டும் வளையும் விறைப்பான கோல். கை தேர்ந்தவருக்கு அது தூரம் கொடுக்கும். புதியவருக்கு மீடியம் அல்லது மீடியம் ஃபாஸ்ட்தான் நல்லது, பாதி வரை வளைவதால் லைனின் கனம் கைக்குத் தெரியும், எப்போது முன்னால் தள்ள வேண்டும் என்று கோலே சொல்லிக் கொடுக்கும். விறைப்பான கோல் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, பரவாயில்லை, 6-ம் நம்பர் கோலில் 7-ம் நம்பர் லைனைப் போட்டுப் பாருங்கள், கிட்டத்து வீச்சுக்கு நன்றாக வளையும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது வரும் சில லைன்களைக் கம்பெனியே அரை நம்பர், ஒரு நம்பர் கூடுதல் கனத்தில்தான் செய்கிறது. அதற்கு மேல் இன்னும் ஒரு நம்பர் ஏற்றினால் கோல் துவண்டுவிடும்.

ரீலைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. திலாப்பியா அளவு மீனுக்கு ரீல் லைனைச் சுற்றி வைக்கும் டப்பாதான். மீனை இடது கையால் லைனைப் பிடித்து இழுத்துத்தான் கொண்டுவருவீர்கள். 100 ரிங்கிட்டுக்குள் அலுமினியத்தில் ஒன்று, டிஸ்க் பிரேக் உள்ளதாக, நடு உருளை அகலமானதாக இருந்தால் போதும். நடு உருளை அகலமாக இருந்தால் லைன் சுருள் சுருளாகத் திருகிக்கொள்வது குறையும். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் உப்புத் தண்ணீர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது லைன். இதற்கும் 200 ரிங்கிட். ஆமாம், கோலுக்குக் கொடுத்த அதே 200. இங்கேதான் பலர் 40, 50 ரிங்கிட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீச வரவில்லை என்று மாதக்கணக்கில் தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். பெட்டி மேல் 'டபிள்யூ எஃப் 6 எஃப்' என்று இருக்கும். முதல் இரண்டு எழுத்து கனம் முன்பக்கத்தில் திரண்டிருக்கிறது என்பதற்கு, நடுவில் நம்பர், கடைசி எழுத்து மிதக்கும் லைன் என்பதற்கு. கடைசியில் 'எஸ்' இருந்தால் மூழ்கும் லைன், இப்போதைக்கு வேண்டாம். இது வரைக்கும் எல்லா வழிகாட்டியும் சொல்லும்.

அவர்கள் சொல்லாமல் விடுவது வெயிலை. டிரவுட்டுக்காகச் செய்த லைன் குளிர் தண்ணீரில் மிருதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மென்மையான பூச்சோடு வருகிறது. அதையே இங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் பிடித்தால் பூச்சு இளகிவிடும். விரலால் தொட்டால் லேசாக ஒட்டும். கோலின் வளையங்களுக்கு இடையே தொய்ந்து தொங்கும், முன்னால் போக வேண்டிய லைன் வளையத்திலேயே உரசிக்கொண்டு நிற்கும், 15 மீட்டர் போக வேண்டியது எட்டிலேயே சுருண்டு விழும். வெப்பமண்டலத்துக்கென்று செய்த லைனில் உள் நாரும் விறைப்பு, மேல் பூச்சும் கெட்டி, அதனால் சூட்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். பெட்டியில் 'டிராப்பிகல்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 'பாஸ்' அல்லது 'சால்ட்வாட்டர்' என்று போட்டதைத் தேடுங்கள், அவையும் பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணீருக்கென்று செய்தவைதான். 'டிரவுட்', 'கோல்ட்வாட்டர்' என்று இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வையுங்கள். கோல், ரீல், லைன் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்கிறார்களே என்று கேட்பீர்கள். வாங்கலாம், விலையும் குறைவுதான், ஆனால் செட்டில் காசை மிச்சம் பிடிப்பது லைனில்தான் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கோலையும் ரீலையும் வைத்துக்கொண்டு லைனை மட்டும் மாற்றுவது ஒரு நல்ல வழி, பழைய லைனைத் திடலில் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம், சிமென்டில் உரசித் தேய்ந்தாலும் மனசு வலிக்காது.

ரீலுக்கும் லைனுக்கும் நடுவே பேக்கிங் என்று ஒரு நூல், 20 பவுண்டு டேக்ரான், 50 மீட்டர் போதும், பத்து இருபது ரிங்கிட் சாமான்.

லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வருவது லீடர். பின்னால் தடித்து முன்னால் மெலிந்துகொண்டே போகும் ஒன்பது அடி நரம்பு. கடையில் ஒன்று ஒன்றாக வாங்கினால் ஒவ்வொரு புதரும் ஒரு லீடரைக் காணிக்கை வாங்கிக்கொள்ளும், காசு கரையும். வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துத் தூண்டில் கடைக்குப் போய் சாதாரண நைலான் நரம்பு மூன்று உருளை: 30 பவுண்டு, 20 பவுண்டு, 12 பவுண்டு. முதலில் 30-ல் நாலரை அடி, அதில் 20-ல் இரண்டரை அடி, கடைசியில் 12-ல் இரண்டு அடி. மூன்றையும் பிளட் நாட் என்ற முடிச்சைப் போட்டு இணையுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த நைலானை வேகமாக இழுத்தால் உரசும் சூட்டில் முடிச்சுக்குள்ளேயே நரம்பு பலவீனமாகிவிடும், பெரிய மீன் வரும்போது அங்கேதான் அறும். சரியாக இறுகிய முடிச்சில் சுற்றுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மேலே ஏறாமல், பளபளவென்று உட்காரும், கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். குளத்துத் திலாப்பியா பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு வாய் வைக்காமல் திரும்பினால் நுனியில் இன்னும் இரண்டு அடி 8 பவுண்டு சேர்க்கலாம். தண்ணீர் மேல் மிதக்கும் ஃப்ளைக்கு ஃப்ளோரோகார்பன் நரம்பு வேண்டாம், அது மூழ்கும், ஃப்ளையையும் சேர்த்து இழுத்துவிடும், நைலானே நல்லது. தோமானுக்குப் பல் இருக்கிறது, அதற்கு மட்டும் நுனியில் ஒரு சாண் நீளம் மெல்லிய கம்பியோ 40 பவுண்டு ஃப்ளோரோகார்பனோ கட்ட வேண்டும். மூன்று உருளைக்கு 40 ரிங்கிட் ஆகுமா, ஒரு வருஷம் ஓடும்.

ஃப்ளையில் ஐம்பது வகை வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கறுப்பிலும் பாசிப் பச்சையிலும் வுல்லி பக்கர், 8-ம் அளவு முள்ளில் (முள்ளுக்கு மட்டும் நம்பர் கூடக் கூட அளவு சிறிது). இது தண்ணீருக்குள் இறாலா, தவளைக் குஞ்சா, சின்ன மீனா என்று மீனே முடிவு செய்துகொள்ளும், எதையும் குறிப்பாகப் போலச் செய்யாததுதான் அதன் பலம். அடுத்தது கிளவுசர் மினோ, வெள்ளையும் பச்சை மஞ்சளும், 4-ம் அளவு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாப் கிளவுசர் என்பவர் 1980-களில் கட்டியது, முள்ளின் கழுத்தில் இரண்டு உலோகக் கண் வைத்திருப்பதால் முள் மேல்நோக்கித் திரும்பி நீந்தும், அடியில் கிடக்கும் கட்டையில் மாட்டுவது குறைவு. செபராவுக்கும் பீக்காக் பாஸுக்கும் இதைவிட வேறு தேவையில்லை. மூன்றாவது, ஃபோமில் செய்த வண்டு அல்லது வெட்டுக்கிளி, 10-ம் அளவு, மரம் கவிந்த ஆற்றுக்கு. நான்காவது ஒரு சின்ன பாப்பர், காலை வேளை குட்டையில் அதை வெடுக்கென்று இழுத்தால் 'பொளக்' என்று ஒரு சத்தம் வரும், அதற்காகவே வாங்கலாம். கட்டணக் குளத்துக்காரர்களுக்கு ஐந்தாவது ஒன்று: ரொட்டித் துண்டு மாதிரியோ தீவன உருண்டை மாதிரியோ இருக்கும் ஃப்ளை. சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அந்த மீன் வளர்ந்ததே ரொட்டியிலும் உருண்டையிலும்தான். எல்லாம் சேர்த்து 50 ரிங்கிட். முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே சிறு கூர் ஒன்று பின்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருக்குமே, அதைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது சுலபம், உங்கள் காதிலிருந்து எடுப்பதும் சுலபம்.

மிச்சம் இருக்கும் காசில் கறுப்புக் கண்ணாடி, போலரைஸ்டு. தண்ணீருக்குள் மீன் தெரியும் என்பது இரண்டாவது பலன். முதல் பலன், பின்னாலிருந்து பறந்து வரும் முள் கண்ணில் படாது. இது இல்லாமல் யாரும் வீசக் கூடாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. நரம்பு வெட்ட நகவெட்டி, முள்ளைக் கழற்ற மருத்துவச் சாமான் கடையில் கிடைக்கும் நுனி மெலிந்த கவ்வி, ஃப்ளை போட ஒரு மாத்திரை டப்பா. மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை இந்தப் புழுக்கத்தில் போட்டால் உள்ளேயே வெந்துபோவீர்கள், சீக்கிரம் காயும் அரைக்கால் சட்டையோடு தண்ணீரில் இறங்குவதுதான் நம்ம வழி. காலுக்குக் கம்போங் அடிடாஸ். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் தோட்டத்தில் போட்டு நடந்த அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து, சுங்கைக் கல்லில் பிடிப்பு நன்றாக இருக்கும், தண்ணீர் தங்காது, விலையும் சொற்பம். உள்ளே நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அட்டை ஏறுவது குறையும்.

எங்கே வாங்குவது? நம்ம பக்கத்துத் தூண்டில் கடைகளில் பெரும்பாலும் ஸ்பின்னிங், பெய்ட்காஸ்டிங் என்ற சாதாரணத் தூண்டில் சாமான்தான், ஃப்ளை கேட்டால் "அது இங்க ஓடாது தம்பி, இத எடுத்துக்க" என்று அண்ணன் வேறு கோலை எடுத்து நீட்டுவார். நரம்பையும் நகவெட்டியையும் அவரிடம் வாங்குங்கள், கோலும் லைனும் ஷாப்பி, லசாடாவில். வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைந்த சாமானுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள், உள்ளூர் விற்பனையாளரே மலிவாக முடிவதும் நடக்கும்.

பழைய சாமானும் நல்ல வழிதான், ஆர்வத்தில் வாங்கிவிட்டு இரண்டே முறை வீசிவிட்டு விற்பவர்கள் நிறைய. நேரில் போய்ப் பாருங்கள். துண்டுகளைச் சேர்க்கும் மூட்டில் நகத்தால் தடவினால் விரிசல் தட்டுப்படும். வளையங்களுக்குள் ஒரு பஞ்சை நுழைத்து இழுங்கள், பஞ்சு மாட்டினால் உள்ளே அரித்திருக்கிறது, அது புது லைனைச் சுரண்டித் தின்றுவிடும். பழைய லைன் இலவசம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கென்று காசு கொடுக்காதீர்கள்.

சாமான் வந்ததும் நேராக ஆற்றுக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துத் திடலில், காலையில் புல் ஈரமாக இருக்கும்போது, ஃப்ளைக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிப் பழகுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிட வேண்டும், ஒன்பது அடிக் கார்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தவெளியில் நிற்பதைவிட மோசமான யோசனை கிடையாது. பின்னால் இடமில்லாத கரைக்கு ரோல் காஸ்ட் என்ற வீச்சு இருக்கிறது, லைனைப் பின்னால் பறக்கவிடாமல் தண்ணீர் மேலேயே உருட்டி அனுப்புவது. நம்ம ஆற்றங்கரைப் புதருக்கும், ஆட்கள் நெருக்கமாக நிற்கும் கட்டணக் குளத்துக்கும் அதுதான் சோறு போடும், அதை முதலில் பழகுங்கள். ஆனால் அது புல்லில் சரியாக வராது, லைனைத் தண்ணீர் பிடித்தால்தான் கோல் வளையும், அதற்கு மட்டும் ஆளில்லாத நேரத்தில் ஒரு குளக்கரை வேண்டும். கட்டணக் குளத்தில் பின்வீச்சு போடலாமா என்று உள்ளே நுழையுமுன் கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஆற்றுக்குப் போகிறவர்கள் அனுமதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோலா குபு பாரு பக்கம் சுங்கை சிலிங் என்பது கெலா மீன் காப்பகம், அங்கே தூண்டில் போடக் கூடாது. ராயல் பெலும் மாநிலப் பூங்கா மாதிரி இடத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மலையாறுகளில் மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளம் வந்துவிடும், தண்ணீர் சட்டென்று கலங்கி, இலையும் சருகும் மிதந்து வந்தால் மீனை மறந்துவிட்டு ஏறிவிடுங்கள்.

650-உம் இப்போதைக்குக் கையில் இல்லையென்றால், ஜப்பானியர்களின் தென்காரா இருக்கிறது. ரீல் கிடையாது, மடிக்கும் நீளக் கோலின் நுனியிலேயே லைனைக் கட்டி வீசுவது. சிற்றோடைக்கும் சின்ன மீனுக்கும் அருமை, பீக்காக் பாஸ் மாட்டினால் கொடுக்க லைன் இருக்காது, கதை முடிந்தது.

200 ரிங்கிட் லைன் சில வருஷம் உழைக்க வேண்டுமென்றால் இரண்டு எதிரிகளை விலக்குங்கள். ஒன்று, வெயிலில் நிறுத்திய கார். ரீலைக் காரிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். இன்னொன்று கொசு மருந்து. அதில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் பிளாஸ்டிக் பூச்சை இளக்கிவிடும். தடவிய கையோடு லைனைத் தொட்டால் அந்த இடம் பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். புறங்கையால் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உள்ளங்கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு கோலை எடுங்கள். நாலைந்து தடவை போய்வந்ததும் லைனை ஒரு வாளி தண்ணீரில் இறக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, ஈரத்துணிக்குள் பிடித்து மெதுவாக இழுத்தால் துணியில் கறுப்பாக அழுக்கு இறங்கும். கடலுக்குப் போனவர்கள் அன்றைக்கே கோல், ரீல், லைன் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்த பிறகே உறைக்குள் போட வேண்டும்.